குழம்புப் புளியும் குப்பி மாத்திரையும்

ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை எங்கள் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மனுக்குத் தேர். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களெல்லாம் அன்று ஊருக்கு வந்துவிடுவார்கள். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாதம். தேருக்குக் கட்டலாமென்று கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்தேன். புடவை சரி, ரவிக்கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை! எடை பார்த்தால் 74 கிலோ. கல்யாணத்தின்போது 56.

தேருக்கு வந்திருந்த தோழி ஒருத்தி, பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். "இது இங்கிலீஷ் மருந்து இல்லடி. கேரளாவுல மீன் குழம்புக்குப் போடறாங்களே கொடம்புளி, அதோட சத்து. கொழுப்பு தானா கரைஞ்சிடும்" என்றாள்.

நாம் புளி கரைத்துக் குழம்பு வைப்பவர்கள்தானே? அவர்கள் புளி நமக்கென்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்துத் தினமும் விழுங்கினேன். கைக்குழந்தை பால் குடிக்கிறதே என்ற நினைப்புகூட எனக்கு வரவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

நான்காவது வாரம் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. ஒருநாள் காலையில் அத்தை என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "என்னாடி, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு!" என்று அலறினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் வீங்கியிருந்தது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறே?" அழுதுகொண்டே குப்பியின் பெயரைச் சொன்னேன்.

"குழம்புல ரெண்டு சுளை போடறது வேறம்மா. அதோட அமிலத்தை வடிச்சுத் தினமும் விழுங்கறது வேற" என்றார்.

மாத்திரையை நிறுத்திய பின் ஈரல் சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. டாக்டரம்மா சொன்னபடி, மஞ்சள் தெளிகிற வரை குழந்தைக்குத் தாய்ப்பாலையும் நிறுத்தினேன். அந்த நாட்களில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கொடம்புளியின் புளிப்புக்குக் காரணமான ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலத்தை 1965-ல் கண்டு சொன்னவர்கள் நம் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தினர். நாம் அளவுக்கு மீறிச் சாப்பிடும் சோற்றின் மாவுச்சத்தை உடம்பு கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 1969-ல் கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது எடை குறைந்தது. அவ்வளவுதான், உலகமெங்கும் மாத்திரைகள் வந்துவிட்டன.

ஆனால் மனிதருக்கு? 1998-ல் நியூயார்க்கில் பருமனான 135 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த மாத்திரையும் மறு பிரிவுக்கு வெறும் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ஈரல் கெட்டுப்போனவர்களைப் பற்றிய செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்தன. நம் ஊரில் பலருக்குச் சொந்தபந்தம் இருக்கிற பிரான்சில், உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் 2025-ல் இந்த மாத்திரைகளைச் சாப்பிடவே வேண்டாம் என்று எச்சரித்தது.

மஞ்சளும் அப்படித்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் எளிதில் ரத்தத்தில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் கூட இருந்தால் 20 மடங்கு சேரும் என்று 1998-ல் பெங்களூரில் கண்டறிந்தார்கள். ரசத்தில் நாம் இரண்டையும் சிட்டிகை அளவில் சேர்க்கிறோம், கெடுதல் இல்லை. அதையே செறிவாக்கி மாத்திரையாக விற்றபோது, 2019-ல் இத்தாலியில் பலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது.

அப்படியானால் செடி கொடிகளில் இருக்கும் சத்துக்களால் பயனே இல்லையா? உண்டு சகோதரிகளே, தட்டில் இருக்கும்போது. சின்ன வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் குவெர்செட்டின் இருக்கிறது. கத்தரிக்காயில் குளோரோஜெனிக் அமிலம். இவை தனியாகக் கொழுப்பைக் கரைத்துவிடாது. ஆனால் கீரையும் காயும் நார்ச்சத்தோடும் தண்ணீரோடும் வருகின்றன. வயிறு நிறைகிறது, மற்றொரு கரண்டி சோறு கேட்பதில்லை. வெந்தயத்தின் நார் கூழாகிக் குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. மாத்திரைக்குள் இதெல்லாம் ஏது?

எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் குறை எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. மீன் நல்ல மீன்தான். தட்டில் சோறு மலை, மீன் குழம்பு, வறுவல். காய் என்று பெயருக்கு ஒரு ஸ்பூன். கூடையைத் தலையில் சுமந்து பாண்டி மார்க்கெட்டுக்கு நடந்த அத்தைக்கு அந்தச் சோறு செரித்தது. ஆட்டோவில் போகும் எனக்கு? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் 100 பேரில் 46 பேர் எடை மிகுந்தவர்கள்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொள்ளும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னது கீரை உட்படக் காய்கறி ஒரு நாளைக்கு 400 கிராம், பழம் 100 கிராம். மீதியில் பாதி சோறு, பாதி மீனோ பருப்போ. கவலை மீனை வறுக்காமல் குழம்பில் போடுகிறேன். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அதே குழம்பில் சேர்ந்துவிடும். மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். விடிகாலையில் கடற்கரையில் அரை மணி நடை.

ஓராண்டில் எட்டு கிலோ குறைந்தது. எடைக்கருவி இல்லாதவர்கள் இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை. பிள்ளை பெற்றவர்கள் அவசரப்பட வேண்டாம், பால் கொடுக்கும் நாளில் பட்டினியும் கூடாது. "மூலிகைதானே" என்று யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விழுங்காதீர்கள்.

அடுத்த தேருக்கு அதே ரவிக்கையை எடுத்தேன். இன்னும் பிடிக்கத்தான் செய்தது. அத்தை பார்த்துவிட்டு, "தையலைப் பிரிச்சு விட்டா போச்சு, கண்ணு வெள்ளையா இருக்கில்ல, அது போதும்டி" என்றார். தையலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தேர் பார்க்கப் போனேன்.