பாலைப்பழக் காலம்

ஆடித் திருநாள் என்றால் எங்களுக்கு மடு மாதாவும் பாலைப்பழமும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும். மடுக் கோயில் இருக்கிற வன்னிக் காட்டில் பாலை பழுக்கிற காலமும் திருநாளும் ஒன்று. மஞ்சள் நிறத்தில் சுண்டுவிரல் நுனியளவு பழம். பத்துப் பழம் தின்றால் பால் உதட்டில் ஒட்டிப் பிடித்து, பூசைக்குப் போய் வாய் திறந்து பாட முடியாது. மடு றோட் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் பின்னால் நடப்பார்கள். மரத்தடியில் கொட்டில் போட்டு நாட்கணக்கில் இருப்போம். பக்கத்துக் கொட்டிலில் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களச் சனம் இருக்கும். எங்கள் கருவாடு அவர்கள் சட்டிக்குப் போகும், அவர்களுடைய சம்பல் எங்கள் சோற்றுக்கு வரும். அம்மம்மா வெள்ளை முக்காடு போட்டு, செபப் புத்தகத்தை விரித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் வாசிப்பா. மாதாவோடு அவவுக்கு இருந்தது, பெரிய வீட்டு அம்மாவோடு இருக்கிற மாதிரியான மரியாதை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அதே மரங்களுக்குக் கீழே வந்து சேர்ந்தோம். இந்தமுறை உழவு இயந்திரப் பெட்டியில். பாய், சட்டி பானை, அரிசி மூட்டை, அவற்றுக்கு மேல் மாமாவின் வலை. காட்டுக்குள் வலை எதற்கென்று எல்லாரும் ஏசினார்கள். கிழமைக் கணக்குத்தானே என்றார் மாமா. வருசங்கள் போயின. ஐ.நா. அகதிகள் நிறுவனம் அங்கே முகாம் வைத்தது. தறப்பாள் வெளுத்துக் கிழிந்து, திரும்பப் புதிதாகக் கொடுத்தார்கள். ஆடியில் பாலை பழுத்தது, நாங்கள் பொறுக்கித் தின்றோம். அதைப் பழமாக இல்லாமல் சாப்பாடாகத் தின்ற காலம் அது.

வலை கடைசியில் உதவத்தான் செய்தது. அம்மம்மாவின் செபமாலை வழியில் எங்கோ தவறிவிட்டது. மாமா வலை நூலைப் பிரித்துத் திரித்து, ஐம்பத்து மூன்று மணிக்கு ஐம்பத்து மூன்று முடிச்சுப் போட்டார். பரலோக மந்திரத்துக்கு இரட்டை முடிச்சு. நுனியில் கிளுவந்தடியில் செதுக்கிய சிலுவை. எத்தனை தரம் கழுவியும் அதில் மீன் வெடுக்குப் போகவில்லை. "சீமோன் இராயப்பரின்ர வலையும் இப்பிடித்தான் மணந்திருக்கும்" என்று அம்மம்மா மூக்கில் வைத்து மணந்து பார்த்தா.

மண்ணெண்ணெய் பவுணைப் போல விற்ற நாட்கள். ஜாம் போத்தில் விளக்கில் பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெய் விட்டுத்தான் எரிப்போம். செபம் தொடங்க அம்மம்மா விளக்கை ஊதிவிடுவா. மனப்பாடமாகச் சொல்கிறதற்கு வெளிச்சம் எதற்கு? இருட்டில் பாம்பு வருமென்று நாங்கள் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருப்போம். மடு மண்ணில் விஷம் ஏறாது என்று சொல்லித்தான் எங்களை அடக்கினார்கள். ஒரு தறப்பாளில் தொடங்குகிற மந்திரத்தின் பின்பாதியை அடுத்த தறப்பாள் சொல்லும். யார் குரலென்று தெரியாது. குறட்டை விடுகிறது யாரென்று மட்டும் தெரியும்.

அந்த இருட்டில்தான் அம்மம்மாவின் செபம் மாறியது. செபமாலையின் ஐந்து காரணிக்கமும் முடிந்த பிறகு சொந்தக் கதை தொடங்கும். "இஞ்ச பாருங்கோ தாயே, ஒரு பிள்ளையைக் கொண்டு எகிப்துக்கு ஓடினனீங்கள். அதுக்கும் கழுதை இருந்தது, துணைக்கு சூசையப்பர் இருந்தார். எனக்கு ஆறு பிள்ளை, மனுசனும் இல்லை. உங்களுக்கு விளங்கும் எண்டுதானே சொல்லுறன்." அரிசி வரப் பிந்தினால் அதற்கும் மாதாவைத்தான் பிடிப்பா. திருநாள் காலத்து மரியாதையெல்லாம் போய், வேலி ஓரத்தில் நின்று பேசுகிற பேச்சாகிவிட்டது அது. நான் கண்ட விசுவாசத்தில் ஆழமானது எதுவென்று கேட்டால் இந்தச் சண்டையைத்தான் சொல்வேன். நம்பாதவரோடு யாரும் இப்படி உரிமையாய்ச் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

பகலில் கதை சொல்லுவா. ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்துக் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்தது, மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைச் சனம் தூக்கிக்கொண்டு 1670இல் இந்தக் காட்டுக்குள் வந்தது, பூசை வைக்கச் சுவாமியே இல்லாமல் ஏறக்குறைய முப்பது வருசம் கிடந்தது, 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் சுவாமி பிச்சைக்காரன் வேசத்தில் வந்து இறங்கியது. பிரசங்கத்தில் கேட்டு நாங்கள் கொட்டாவி விட்ட கதைகள். மரத்தடியில் இருந்து கேட்டபோது நேற்று வந்த கடிதத்தை வாசிக்கிற மாதிரி இருந்தன. யோசவ் வாஸ் வந்த கையோடு வயிற்றோட்டத்தில் விழ, தொற்றிவிடுமென்று பயந்து அவரை ஒதுக்குப்புறத்தில் விட்டார்கள், ஒரு பெண் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக் காப்பாற்றினாள் என்று ஒரு கதை. அம்மம்மாவுக்கு அதுதான் பிடித்தமான இடம். "கஞ்சி குடுத்தவளுக்கு ஆரும் சுரூபம் வைக்கேல்லை, பாத்தியளே?"

1999 கார்த்திகையில் கோயில் வளவுக்குள்ளேயே ஷெல் விழுந்தது. தஞ்சமென்று வந்திருந்தவர்களில் நாற்பது பேரளவில் செத்துப்போனார்கள். மாமாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர் அவர்களில் ஒருவர். அன்றைக்குப் பிறகு மாமா பூசைக்குப் போகவில்லை. கோபமாக எதுவும் சொல்லவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். அம்மம்மாவும் கொஞ்சக் காலம் மாதாவோடு பேசாமல் சிலுவைப்பாதை மட்டும் செய்தா. பிறகு ஒருநாள் முடிச்சுச் செபமாலையைத் தேடி எடுத்தா. துன்பம் விசுவாசத்தை வளர்க்குமென்று பிரசங்கத்தில் கேட்கிறபோதெல்லாம் எனக்கு இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருவார்கள். ஒரே தறப்பாள், ஒரே ஷெல், தாயும் பிள்ளையும் வேறு.

2008 சித்திரையில் சண்டை மடுவை நெருங்க, சுவாமிமார் சுரூபத்தை எடுத்துத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாதாவும் இடம்பெயர்ந்துவிட்டா என்று ஊரெல்லாம் அழுதது. படுக்கையில் கிடந்த அம்மம்மா அழவில்லை. "போகட்டும். அவவுக்கும் ஒருக்காத் தெரியட்டும்" என்றா. அதே வருசம் ஆவணியில் சுரூபம் திரும்பி வந்தது. அம்மம்மா அடுத்த ஆவணியைக் காணவில்லை.

இப்போது தார் றோட், திரும்பவும் றெயில். 2015 தையில் பாப்பரசர் கொழும்பில் யோசவ் வாஸைப் புனிதராக்கிவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்துபோனார். திருநாளுக்கு ஐஸ்கிரீம் வானும் ஒலிபெருக்கியும் உண்டு. செபமாலை ஒலிபெருக்கியிலேயே முடிந்துவிடுகிறது, பக்கத்துக் கொட்டிலின் பின்பாதிக்கு வேலையில்லை. நல்லதுதான், அந்த இருட்டை யாருக்கும் நான் விரும்ப மாட்டேன். ஆனால் மாதாவோடு அப்படி ஏசிப் பேசுகிற ஒருவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

மாமா ஒவ்வோர் ஆவணித் திருநாளுக்கும் வருகிறார். கோயிலுக்குள் போவதில்லை, நற்கருணை எடுப்பதுமில்லை. பின்வளவில் பெரிய கிடாரம் வைத்து, வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறார். சிங்களம், தமிழ் என்று பார்ப்பதில்லை, வரிசையில் இடையில் புகுகிறவனை மட்டும் இரண்டு பாசையிலும் ஏசுவார். போன வருசம் சுவாமி ஒருவர் வந்து, பூசைக்கு நேரமாகிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார். "அடிப்பிடிச்சிடும் சுவாமி, நீங்கள் தொடங்குங்கோ" என்று அகப்பையைப் போட்டுத் துழாவினார் மாமா.