பத்து செகண்ட் சும்மா இருங்க!

நம்ம ஊர்ப் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். மிஞ்சிப் போனால் இருபத்தெட்டு. பிரிட்ஜ் என்று சொன்னால் பாலாற்றுப் பாலமா என்று கேட்பார்கள் :) ஆனால் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ஆட்டம் அது. பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி. பர்தனுக்கு அப்போது வயது 60!

அந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. ஆடுவதற்கு முன் ஏலம். கிளாவர், டைமண்ட், ஆட்டின், ஸ்பேட், நோ டிரம்ப் என்று ஏறுவரிசை. ஒன்றிலிருந்து ஏழு வரை கேட்கலாம். ஆக மொத்தம் 35 கேள்விகள்தான். கையில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிக்குச் சொல்ல இந்த 35-ஐ விட்டால் பாஸ், டபுள், ரீடபுள், அவ்வளவுதான். கண் சாடை, கனைப்பு எதுவும் கூடாது. அதைவிட முக்கியம், நீங்கள் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று எதிராளி கேட்டால் உங்கள் கூட்டாளி உள்ளதைச் சொல்லியே ஆகவேண்டும். ரகசிய பாஷை கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒருவர் 1 ஆட்டின் கேட்கிறார். அடுத்தவர் 1 ஸ்பேட் கேட்டாலே போதும். ஆனால் ஒரே தாவலில் 3 ஸ்பேட் என்கிறார். இதுதான் ஜம்ப். பெரிய கை என்று நினைக்காதீர்கள். பல நேரம் ஸ்பேட் நிறைய இருக்கும், மற்றபடி கை காலி. எதிராளிக்குப் பேச இடம் இல்லாமல் செய்வதுதான் நோக்கம்.

சிக்கல் மூன்றாவது ஆளுக்கு. திடீரென்று மூன்றில் வந்து நிற்கிறது ஏலம். யோசித்து யோசித்து பாஸ் சொன்னால், ‘என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கு’ என்று கூட்டாளிக்குத் தெரிந்துவிடும். பட்டென்று பாஸ் சொன்னால், ‘ஒன்றுமில்லை’ என்று தெரிந்துவிடும். வாயே திறக்காமல் கடிகாரம் பேசிவிடுகிறது!

இதற்குத்தான் சிவப்பு நிற ஸ்டாப் அட்டை. தாவிக் கேட்பவர் முதலில் அதை மேஜையில் வைப்பார், பிறகு கேள்வியை வைப்பார். சுமார் பத்து செகண்ட் கழித்துத்தான் அட்டையை எடுப்பார். அதுவரை அடுத்தவர் கை நீட்டக்கூடாது. கையில் குப்பையே இருந்தாலும் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். விட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் அதுவும் சாடைதான். தாவுபவருக்கும் ஒழுங்கு உண்டு. நல்ல கையோ மோசமான கையோ, எல்லாத் தாவலுக்கும் ஒரே மாதிரி அட்டை வைக்கவேண்டும். வட அமெரிக்க பிரிட்ஜ் சங்கம் 2018-ல் அட்டையை எடுத்துவிட்டது. காத்திருக்கும் கடமையை மட்டும் எடுக்கவில்லை.

யோசிப்பது குற்றமா? இல்லை. ஆனால் நான் தயங்கினேன் என்பதை வைத்து என் கூட்டாளி முடிவெடுப்பது குற்றம். அவர் நேர்மையாகவே சரியான கேள்வியைக் கேட்டாலும், ‘தயக்கத்தைப் பார்த்துத்தானே கேட்டாய்’ என்று சந்தேகம் வரும். பத்து செகண்ட் எல்லோருக்கும் பொது என்றால் அந்தப் பேச்சே பெரும்பாலும் எழாது. திருடனைப் பிடிப்பதைவிட, நல்லவனைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுகிற விதி இது.

வேலூர் பக்கம் பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியக்கூடாது. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, சந்தைக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. அதே வேலையைப் பிரிட்ஜ் மேஜையில் செய்தால்? 1975 உலகப் போட்டி பெர்முடாவில் நடந்தது. கூட்டாளிகள் முகம் பார்க்காதபடி நடுவில் திரை வைத்திருந்தார்கள். ஓர் இத்தாலி ஜோடியில் ஒருவர் மேஜைக்கு அடியில் காலால் கூட்டாளியின் காலைத் தொட்டதாகப் புகார். அதிகாரபூர்வமாகக் கண்டித்தார்கள், மேஜைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. துண்டு தப்பில்லை, எந்த ஆட்டத்தில் துண்டு போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

பி.காம் படிக்கிறவனுக்கு இதைப் படித்தால் செபிதான் ஞாபகம் வரும். காலாண்டு முடிந்ததிலிருந்து, ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை கம்பெனியின் உள்ளே இருப்பவர்கள் அதன் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. ரகசியம் தெரிந்தவரோ தெரியாதவரோ, பட்டியலில் இருந்தால் காத்திருக்கவேண்டும். இதுவும் ஒரு ஸ்டாப் அட்டைதான்.

ஹாஸ்டலில் இருபத்தெட்டு ஆடும் மகா ஜனங்களே, அடுத்த முறை யாராவது ஏலத்தை எகிறவிட்டால் ஒரு பத்து செகண்ட் எண்ணிவிட்டுப் பேசுங்கள். புருவத்தையும் கொஞ்சம் சும்மா வையுங்கள் :)