பதின்மூவர் தொடங்கிய ஓட்டம்

இலண்டன் மாநகரின் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அணித்தாக, புஷி பூங்கா என்னும் அரசப் பூங்கா அமைந்துள்ளது. அதன் பரப்பு 1,000 ஏக்கருக்கு மேற்பட்டது. எட்டாம் ஹென்றி மன்னன் வாழ்ந்த ஹாம்டன் கோர்ட் அரண்மனை அதன் அருகிலேயே இருக்கின்றது. செஸ்ட்நட் என்னும் மரங்கள் இருமருங்கும் அணிவகுத்து நிற்க, நெடிய சாலையொன்று அப்பூங்காவின் நடுவே செல்கின்றது. கிறிஸ்டபர் ரென் என்னும் கட்டடக்கலை வல்லுநர் வகுத்த சாலை அது. புல்வெளிகளில் மான்கள் கூட்டங்கூட்டமாக மேயும். வார நாள்களில் அமைதி குடிகொண்டிருக்கும் அவ்விடம், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருவிழாக் காணும் ஊரைப்போல் மாறிவிடுகின்றது.

அவ்வேளையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வந்து கூடுகின்றனர். விரைந்தோடும் இளைஞரும் வருவர். கோலூன்றி நடக்கும் முதியோரும் வருவர். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடும் தாயரும் உண்டு. கண்பார்வை அற்றவர், வழிகாட்டும் தோழரோடு சேர்ந்து ஓடுவதும் உண்டு. குறித்த நேரம் வந்ததும் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஐந்து கிலோமீட்டர் தொலைவைக் கடக்கின்றனர். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. முதலில் வந்தவருக்குப் பரிசும் இல்லை. வாரந்தோறும் விடாமல் நிகழும் இவ்வோட்டத்துக்குப் ‘பார்க்ரன்’ என்று பெயர். பூங்கா ஓட்டம் என்பது அதன் பொருள்.

ஓடுவோர் கழகமாகக் கூடுவது இங்கிலாந்துக்குப் புதிதன்று. காட்டுவழியிலும் மேட்டுவழியிலும் ஓடுவதற்கென்றே 1868 ஆம் ஆண்டில் தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்னும் கழகம் தோன்றியது. ஆயினும் அக்காலத்தில் ஓட்டக்களத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1866 இல் நிறுவப்பெற்ற அமெச்சூர் அத்லெடிக் கிளப், கைத்தொழில் செய்வோரையும் கூலிவேலை செய்வோரையும் தன் போட்டிகளில் சேர்க்க மறுத்தது. உழைத்து உரம்பெற்ற கால்களோடு, உழையாத கால்கள் போட்டியிட அஞ்சின போலும்! 1880 இல் ஆக்ஸ்போர்டு நகரில் புதிய சங்கம் ஒன்று உருவானபோதுதான் அத்தடை நீங்கியது. பெண்டிர்க்கோ வாயில் இன்னும் நெடுங்காலம் அடைந்தே இருந்தது. 1928 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடைபெற்றது. பின்னர், அது பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று என்று கூறி நிறுத்திவிட்டனர். 1960 ஆம் ஆண்டு ரோம் நகரில்தான் அவ்வோட்டம் மீண்டும் இடம்பெற்றது.

காலப்போக்கில் இத்தடைகள் அகன்றன. எனினும் ஒரு தடை மட்டும் கண்ணுக்குப் புலப்படாமல் எஞ்சி நின்றது. அதுவே விரைவு. மெல்ல ஓடுபவர் கழகத்துக்குச் செல்லக் கூசினார். எல்லாரும் ஓடி முடித்து வீடு திரும்பியபின் தனியே வந்து சேர்வதை எண்ணி அவர் நாணினார். ‘வருக’ என்று கழகத்தின் அறிவிப்புப் பலகை கூறினாலும், ‘நீ இங்கே வேண்டியவன் அல்லன்’ என்று அவர் நெஞ்சம் கூறியது.

இத்தடையை நீக்க வழிவகுத்தவர், மெல்ல ஓடியவர் அல்லர், நன்றாக ஓடக்கூடியவரே. பால் சின்டன்-ஹியூவிட் என்பது அவர் பெயர். இன்று ஜிம்பாப்வே என வழங்கும் நாட்டில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து, இங்கிலாந்தில் குடியேறியவர் அவர். ஓட்டக் கழகத்தில் சேர்ந்து மாரத்தான் ஓட்டங்களில் திறம் காட்டியவர். 2004 ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் துன்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வேலை பறிபோயிற்று. உடலில் ஏற்பட்ட காயத்தால் ஓடவும் இயலாது போயிற்று. ஓட இயலாதவனுக்கு ஓடும் தோழரோடு என்ன தொடர்பு? கால் நின்றால் நட்பும் நின்றுவிடுமோ என்னும் கவலை அவரை வாட்டியது.

அந்நிலையில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தாம் ஓட இயலாவிட்டாலும் தோழர்கள் ஓடுவதற்குத் தாம் துணைநிற்கலாம். ஓட்டம் முடிந்ததும் அவர்களோடு அமர்ந்து காப்பி அருந்தி உரையாடலாம். இவ்வளவே அவர் விரும்பியது. உலகைத் திருத்தும் பெருநோக்கம் ஏதும் அன்று அவர் உள்ளத்தில் இல்லை. 2004 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், சனிக்கிழமை காலை, புஷி பூங்காவில் ஓட வருமாறு நண்பர்களை அழைத்தார். ஓட வந்தவர் பதின்மூவர். உதவி செய்ய நின்றவர் ஐவர். வந்து சேர்ந்த வரிசையைக் குறிக்க அட்டைகளும் கருவிகளும் இல்லை. மரையாணியின் அடியில் இடும் வாஷர் என்னும் உலோக வளையங்களில் எண்களைப் பொறித்து, வந்தவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தனர். ஒவ்வொருவரும் ஓடிய நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டனர். அடுத்த சனிக்கிழமையும் ஓட்டம் உண்டு என்று கூறிப் பிரிந்தனர்.

அடுத்த சனிக்கிழமையும் உண்டு என்ற அந்தச் சொல்லே இக்கதையின் உயிர்நாடி. ஒருநாள் விழா எடுப்பது அரிதன்று. மழை பெய்யினும், பனி சூழினும், வருவோர் சிலரே ஆயினும், சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நிற்பதே அரிது. அவர்கள் அவ்வாறு நின்றனர். 2007 ஆம் ஆண்டில் விம்பிள்டன் பகுதியில் இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. பிறகு ஊர்தோறும் பரவியது; கடல் கடந்தும் சென்றது. இருபதாம் ஆண்டு நிறைவுற்ற 2024 இல், இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இவ்வோட்டம் நிகழ்ந்தது. வாஷர் வளையத்தின் இடத்தைப் பட்டைக் குறியீட்டு அட்டை பெற்றது. ஆனால் கட்டணம் இல்லை என்னும் நெறி மட்டும் மாறவில்லை.

ஒவ்வோர் ஊரின் ஓட்டக் குழுவும் செய்திகளையும் அறிவிப்புகளையும் வெளியிடுவது வழக்கம். அவற்றைப் படித்துப் பார்ப்பவர் வியப்படைவர். யார் முந்தினார் என்பதைக் காட்டிலும், யார் தம் ஐம்பதாவது ஓட்டத்தை முடித்தார், யார் முதன்முறையாக வந்தார், நோயுற்றிருந்த யார் மீண்டு வந்தார் என்பனவே அங்கு விரிவாகப் பேசப்படும். வருங்கால நிகழ்ச்சிகளும் அறிவிக்கப்படும். கிறிஸ்துமஸ் நாளிலும் புத்தாண்டு நாளிலும் தனி ஓட்டம் உண்டா என்பதும், ஞாயிற்றுக்கிழமையில் சிறுவர்க்கான இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் பற்றிய செய்தியும் இடம்பெறும். இறுதியில், பெரும்பாலும் ஒரு வேண்டுகோள் காணப்படும்: அடுத்த வாரம் உதவி செய்ய இன்னும் சிலர் தேவை!

ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது இப்பணி. காலங்குறிப்பவர், வழி திரும்பும் இடத்தில் நின்று கைகாட்டுபவர், வரிசையட்டை வழங்குபவர், குறியீட்டைப் பதிவு செய்பவர் எனப் பலர் வேண்டும். அவர்களுள் எவரும் ஊதியம் பெறுவதில்லை. இன்று ஓடியவர் அடுத்த வாரம் கைகாட்டி நிற்பார். இன்று கைகாட்டியவர் அடுத்த வாரம் ஓடுவார். ஆதலின் அங்கே பணிசெய்வோர் என்றும் பணிகொள்வோர் என்றும் இரு பிரிவினர் இல்லை.

இப்பணிகளுள் ஒன்று தனிச்சிறப்புடையது. எல்லார்க்கும் பின்னால், மிக மெல்ல நடந்து வருவதே ஒருவரின் பொறுப்பாகும். ஆங்கிலத்தில் அவரை ‘டெயில் வாக்கர்’ என்பர். கடைக்காவலர் என நாம் கூறலாம். களைத்து நிற்பவரோடு அவரும் நிற்பார். நொண்டி நடப்பவரோடு பேசிக்கொண்டே நடப்பார். எல்லையை அடையும்போது அவரே இறுதியாக அடைவார். ஆகவே, ஓட வந்தவருள் எவருக்கும் ‘நான் கடைசியாக வந்தேனே’ என்னும் மனக்குறை இல்லை. மெல்ல ஓடுபவரின் நெஞ்சில் இருந்த பழைய தடையை, ஒருவரின் பொறுமை இவ்வாறு நீக்கிவிடுகின்றது.

வாயில் அகன்றதும், எவரும் எதிர்பாராதவர் பலர் உள்ளே வந்தனர். 2017 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கம்பிரியா பகுதியின் ஹாவரிக் சிறைச்சாலைக்குள் ஓர் ஓட்டம் தொடங்கப்பெற்றது. கைதிகளும் காவலர்களும் ஒரே வழியில் ஓடினர். 2018 இல் பிரித்தானியப் பொதுமருத்துவர் கல்லூரி, மருத்துவ நிலையங்கள் அருகிலுள்ள பூங்கா ஓட்டத்தோடு இணைந்து நோயாளிகளை அங்கு செல்லத் தூண்டும் திட்டத்தை மேற்கொண்டது. மாத்திரையோடு தோழமையையும் மருந்தாகக் கூறும் காலம் வந்தது.

நல்ல பணிக்கும் சோதனைகள் வருதல் இயல்பே. 2016 ஆம் ஆண்டில், பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் மன்றம் ஒன்று, பூங்காவின் பாதைகள் தேய்வதால் செலவாகின்றது. ஆதலின் ஓடுவோர் பணம் தரவேண்டும் என்று முடிவு செய்தது. அம்மன்றத்தின் கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பூங்காவைப் பேணப் பணம் வேண்டுமன்றோ? ஆனால் ஓரிடத்தில் கட்டணம் புகுந்தால் எல்லா இடங்களிலும் புகும். பணம் இல்லாதவர் வெளியே நிற்பர் என்று அமைப்பினர் கருதினர். கொள்கையைக் கைவிடுவதினும் அவ்விடத்தைக் கைவிடுவதே மேல் எனத் துணிந்தனர். அப்பூங்காவில் ஓட்டம் நின்றது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா பெருந்தொற்று வந்தபோது, நாடெங்கும் சனிக்கிழமைக் காலைகள் வெறுமையாயின. அடுத்த வாரம் உண்டு என்று சொல்ல இயலாத காலம் அது. இங்கிலாந்தில் 2021 ஆம் ஆண்டு ஜூலை 24 ஆம் நாளே ஓட்டம் மீண்டும் தொடங்கியது. இழந்தபின் அன்றோ, வாராவாரம் காணும் முகங்களின் அருமை விளங்கும்!

2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வேறொரு சோதனை எழுந்தது. ஒவ்வோர் இடத்திலும் மிக விரைவாக ஓடியவர் யார், அதிக முறை முதலில் வந்தவர் யார் என்னும் சாதனைப் பட்டியல்களை அமைப்பு நீக்கிவிட்டது. அவை புதியவரை அச்சுறுத்தக்கூடும் என்பது அவர்கள் எண்ணம். பலர் இதனை எதிர்த்தனர். ‘விரைவும் ஓட்டத்தின் அழகுதானே? பல ஆண்டு முயன்று பெற்ற சிறப்பை மறைப்பது முறையா?’ என வினவினர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. முயன்று முந்துபவனைப் பாராட்டாத கழகம் சோர்வடையும்; பிந்துபவனை மதியாத கழகம் சுருங்கிப்போகும். இரண்டையும் ஒருங்கே காப்பது எங்ஙனம் என்பது ஒவ்வொரு கழகமும் தனக்குள் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியாகும்.

எனினும் ஓர் உண்மையை எவரும் மறுக்க இயலாது. தொடக்க ஆண்டுகளில் இவ்வோட்டத்தை முடிக்க ஒருவர்க்குச் சராசரியாக ஏறத்தாழ 22 நிமிடங்கள் ஆயின. பின்னாளில் அச்சராசரி 30 நிமிடங்களைக் கடந்தது. கணக்கை மட்டும் நோக்குவோர், கழகம் தளர்ந்துவிட்டது என்பர். ஆனால் விரைந்தோடியவர் மெல்லோட்டம் கொண்டதால் இம்மாற்றம் நேரவில்லை. முன்பு வீட்டில் இருந்தவர் வெளியே வந்ததால் நேர்ந்தது. எண் பெருகியது குறையன்று. அதுவே கழகத்தின் வெற்றி.

சனிக்கிழமை காலை பத்து மணி கடந்ததும் புஷி பூங்காவில் கூட்டம் மெல்லக் கலைகின்றது. முதலில் வந்தவர் காப்பி அருந்தி முடித்திருப்பார். காலங்குறிப்பவர் மட்டும் கடிகாரத்தைக் கையில் ஏந்தி, மரங்களின் நடுவே பார்த்த வண்ணம் நிற்கின்றார். தொலைவில் இருவர் பேசிக்கொண்டே நடந்து வருகின்றனர். ஒருவர் அன்று முதன்முறையாக வந்தவர், மற்றவர் கடைக்காவலர். எல்லைக்கு அருகே வந்ததும், கடைக்காவலர் ஓர் அடி பின்வாங்கி அவரை முன்னே விடுகின்றார். நிற்பவர் கைதட்டுகின்றனர். பிறகு கொடியைச் சுருட்டி, கயிற்றைக் கட்டி, பூங்காவை மான்களிடம் ஒப்படைத்துவிட்டு, ‘அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்’ என்று கூறி அனைவரும் வீடு திரும்புகின்றனர்.