தீவில் இறங்கிக் கோட்டைக்குச் செல்லும் வழி

மும்பை விமான நிலையத்தில் இறங்கும் பயணி ஒரு தீவில் இறங்குகிறார். வரைபடத்தை விரித்துப் பார்த்தாலன்றி இது புலப்படாது. சாந்தாகுரூசும் சஹாரும் சாஷ்டித் தீவின் மேல் அமைந்தவை. அத்தீவுக்கு மேற்கே அரபிக்கடல், கிழக்கே தானே கழி, வடக்கே வசாய்க் கழி. தெற்கே மாகிம் கழியைத் தாண்டினால் இன்னொரு தீவு தொடங்கும். கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வர்ளி, மாகிம் என ஏழாகக் கிடந்தவற்றை மண்ணிட்டு ஒன்றாக்கிய பழைய பம்பாய் அது. அதன் தென்கோடியில் இருக்கிறது, ‘ஃபோர்ட்’ என்று இன்றும் அழைக்கப்படும் கோட்டைப்பகுதி. கோட்டையின் மதில்கள் 1860களில், பார்ட்டில் ஃபிரேர் ஆளுநராக இருந்தபோது இடிக்கப்பட்டன. மதில் போனபின்னும் பெயர் நின்றுவிட்டது. ஆகவே விமான நிலையத்திலிருந்து மும்பையின் வரலாற்று மையத்திற்குச் செல்வதென்பது, ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு, இல்லாத ஒரு மதிலுக்குள் செல்வதாகும்.

சாஷ்டியைத் தீவாக்கும் நீர்களுள் ஒன்று உல்லாஸ் ஆறு. அது வசாய்க் கழியாக விரிந்து கடல் சேர்கிறது. அவ்வாற்றின் பெயரைத் தாங்கிய உல்லாஸ்நகர் தீவுக்கு வெளியே, கல்யாணுக்கு அப்பால், பெருநிலத்தில் உள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்க்கென எழுப்பிய கல்யாண் முகாமில், பிரிவினைக்குப்பின் சிந்து மாநிலத்து அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்டில் அதனை நகரமாக்க அடிக்கல் நாட்டியவர் அப்போதைய தலைமை ஆளுநர் இராஜாஜி. இன்றும் அங்கே முகவரி முகாம் எண்ணால்தான் அறியப்படுகிறது. அச்சிந்தி நகரில் வாடகை குறைவென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்து, சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் மாணவி ஒருத்தி, மும்பைத் தோல் தொழிலில் தமிழர் பற்றிய ஆவணங்களைத் தேடி விமானமேறினாள். எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கும் மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகமே அவள் செல்லவேண்டிய இடம். கையில் இருந்தது நான்கு நாள். வீட்டுக்குச் சென்று திரும்பினால் முதல்நாள் முழுவதும் போய்விடும். எனவே விமான நிலையத்திலிருந்து நேரே கோட்டைக்குச் செல்ல முடிவு செய்தாள். அலைய வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேளாமல், அவளுடைய தந்தை உல்லாஸ்நகரில் லோக்கல் ஏறிக் காட்கோபரில் இறங்கி, மெட்ரோவில் மரோல் நாகா வந்து, அங்கிருந்து மற்றொரு மெட்ரோவில் ஒரு நிலையம் கடந்து, முனையம் இரண்டின் வாயிலில் நின்றிருந்தார். கோட்டைப்பகுதி அலுவலகம் ஒன்றில் முப்பதாண்டுக்கு மேல் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவ்வளவு காலமும் நாள்தோறும் தீவுக்குள் வந்து சென்றவர், தீவின் விமான நிலையத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

கோட்டைக்குச் செல்ல வழிகள் பல. வாடகைக் கார் எளிது. ஆனால் நெரிசல் வேளையில் எப்போது சென்று சேரும் என்று ஓட்டுநராலேயே சொல்ல இயலாது. ஆட்டோ முழுத்தொலைவும் வராது. மாகிம் கழிக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதியில்லை. கழியைப் பெரும்பாலோர் மறந்துவிட்ட நகரில் ஆட்டோக்காரர் மட்டும் தீவின் பழைய எல்லையை நாள்தோறும் நினைவில் வைத்திருக்கிறார். மெட்ரோவில் காட்கோபர் சென்று லோக்கலைப் பிடிப்பது தந்தை நம்பும் வழி. மகள் தேர்ந்தது புதிய நிலத்தடி மெட்ரோ. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள். 2024 அக்டோபரில் ஒருபகுதியும், 2025 மே மாதத்தில் மறுபகுதியும், 2025 அக்டோபரில் எஞ்சிய பகுதியும் திறக்கப்பட்டன. முழுத்தொலைவுக்கும் கட்டணம் 70 ரூபாய். விமான நிலையத்தின் இரு முனையங்களுக்கும் தனித்தனி நிலையங்கள் உண்டு.

குளிரூட்டிய பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது தந்தைக்கு வியப்பாக இருந்தது. சாந்தாகுரூஸ் கடந்து, பாந்த்ரா–குர்லா வளாகமும் கடந்து, வண்டி மித்தி ஆற்றின் அடியில் சென்றது. வெளியே பார்க்க ஒன்றுமில்லை. கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தன.

“தாராவி எப்பம்மா வரும்?”

“இப்பதாம்பா தாண்டுச்சு. கதவு தொறந்து மூடுச்சே, அதுதான்.”

சற்று நேரம் பேசாதிருந்தவர், “அக்கா வீடு மேல எங்கயோ இருந்திருக்கும்” என்றார்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1970களில் வந்தவர் முதலில் தங்கியது தாராவியில், தமக்கையின் ஒற்றையறை வீட்டில். மணமான பின்னரே உல்லாஸ்நகருக்குப் பெயர்ந்தார். மகளின் ஆய்வுக்கு அவர் நேரடியாகச் சொன்ன செய்தி குறைவு. எனினும் அவ்வாய்வு தொடங்கிய இடம் அந்த ஒற்றையறைதான்.

தாராவிக்கு முதல் தோல் பதனிடும் ஆலை வந்த ஆண்டாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1887. கோட்டைக்கு அருகே விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திற்கு அப்பெயர் சூட்டப்பட்டதும் அதே ஆண்டில், அரசியின் பொன்விழாவை ஒட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நகரின் தென்பகுதி அழகுபெற்ற அதே காலத்தில், நாறும் தொழில்கள் என்று வகுக்கப்பட்டவை வடக்கே, தீவின் விளிம்பிலிருந்த சேற்றுநிலத்திற்குத் தள்ளப்பட்டன. அத்தொழிலைப் பின்தொடர்ந்து வந்தவர்களே தாராவியின் தொடக்கக்காலத் தமிழருள் பெரும்பகுதியினர். இன்னொரு வகைத் தமிழர் மாட்டுங்காவில் குடியேறினர். 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப்பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு வகுத்த அகன்ற தெருக்கள் அவர்களுக்கு வாய்த்தன. 1932இல் அவர்கள் தென்னிந்தியக் கல்விக் கழகத்தையும் நிறுவினர். மாட்டுங்காவும் தாராவியும் அடுத்தடுத்த பகுதிகள். ஆயினும் எழுத்தர்களின் வரலாறு நூலகத்தில் கிடைக்கிறது. தோல் தொழிலாளரின் வரலாறு பெரும்பாலும் சுகாதாரக் கேடு பற்றிய அலுவல் குறிப்புகளின் ஓரத்தில்தான் கிடைக்கிறது. கோட்டையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட தொழிலின் சுவடுகளைக் காண மீண்டும் கோட்டைக்கே செல்லவேண்டியிருப்பது மாணவியின் நிலை மட்டுமன்று. இத்துறையில் ஆய்வு செய்யும் எவருடைய நிலையும் அதுவே.

இவ்விரு தீவுகளுக்கும் இடையிலான கழியைக் கடப்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு விலை இருந்துவந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜொனாதன் டங்கன் ஆளுநராக இருந்த காலத்தில், சயானிலிருந்து சாஷ்டிக்கு மண்ணும் கல்லும் கொட்டி ஒரு சாலை எழுந்தது. அதைக் கடப்போர் சுங்கம் செலுத்தினர். மாகிமில் படகே கதியாக இருந்தது. அங்கே பாலம் அமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி பணம் தர முன்வரவில்லை. ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாயைத் தம் பொறுப்பில் அளித்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1845இல் அச்சாலை முடிந்தது. பாந்த்ராவிலிருந்து மாகிமுக்குச் செல்லும் ஊர்திகள் இன்றும் அவ்வழியே செல்கின்றன. அபினி, பருத்தி வணிகத்தில் ஈட்டிய செல்வம் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கடப்பவர் ஏழையாயினும் கட்டணமின்றிக் கடக்கட்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு இருந்தது.

பெருநிலத்தார் தீவுக்குள் வரும் வழி வேறு. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் தொலைவு முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. மறு ஆண்டே தானே கழியின்மேல் பாலம் கடந்து இருப்புப்பாதை கல்யாணை எட்டியது. உல்லாஸ்நகரின் பயணம் இன்றும் அதே வழியில்தான். தந்தை ஏறி இறங்கிய தொலைவு ஒருவழிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். 2025 ஜூன் 9 அன்று காலை, இதே வழியில் மும்ப்ரா அருகே, எதிரெதிரே கடந்த இரு நெரிசல் வண்டிகளின் கதவோரம் தொங்கிச் சென்றவர்கள் தண்டவாளத்தில் விழுந்தனர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். அவர்களும் தீவுக்குள் வேலைக்குச் சென்றவர்களே. அச்செய்தி வந்த நாளில் தந்தை தொலைபேசியில் மகளிடம் சொன்னது ஒன்றுதான்: “நான் நின்ன எடம்மா அது.”

இதனால் நிலத்தடி மெட்ரோ வீண் என்று ஆகாது. அது விமானப் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் கல்லூரிக்கும் செல்வோர் அதில் செல்கின்றனர். தானே–பிவண்டி–கல்யாண் மெட்ரோவுக்கான பணியும் நடைபெறுகிறது. கேட்கவேண்டியது முன்பின் பற்றிய கேள்வி. ஒரு நகரம் தன் கழிகளுள் எதனை முதலில், எவ்வளவு செலவில், யார் பொருட்டுக் கடக்கிறது என்பது, அந்நகரம் தன் மக்களை எந்த வரிசையில் எண்ணுகிறது என்பதையும் காட்டிவிடும்.

வான்வழியும் இவ்வரிசைக்கு விலக்கன்று. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியே அஞ்சல் விமானத்தை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிவந்து இறக்கிய ஜூகூவும் சாஷ்டியின் மேற்குக் கரைதான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியே சென்னைக்கு ஓட்டிச் சென்றார். மும்பையையும் சென்னையையும் வானில் இணைத்த அம்முதற்பயணத்தில் சென்றவை கடிதங்கள். ஊரிலிருந்து மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் மனிதர் வந்தது தொடர்வண்டியில், அதுவும் முன்பதிவில்லாப் பெட்டியில். அவ்வாறு வந்தவரின் மகள் விமானத்தில் வந்திறங்க அரைநூற்றாண்டு ஆயிற்று.

ஹுதாத்மா சௌக் நிலையத்தில் இருவரும் மேலேறினர். தந்தைக்கு அவ்விடம் இன்னும் ‘ஃபுளோரா பவுண்டன்’. இறுதிநிலையம் இன்னும் ‘வி.டி.’ காப்பக வாயிலில் அனுமதிக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் காட்டி மகள் உள்ளே சென்றாள். உடன் சென்று பார்க்கத் தந்தைக்கு விருப்பம் இருந்தது. ஆனால் வாசிப்பறை ஆய்வாளர்க்கு மட்டும் உரியது. தாம் முப்பதாண்டு வேலைபார்த்த தெருவைச் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றார். அன்று மாலைவரை அவள் புரட்டிய கட்டுகளில் ஆலைகளின் பெயர் இருந்தது, உரிமையாளர் பெயர் இருந்தது, நாற்றம் குறித்த புகார்கள் இருந்தன. தொழிலாளர் பெயர் ஒன்றும் இல்லை. மறுநாள் அவள் தன் ஆய்வுத்திட்டத்தில் ஓர் இயலைச் சேர்த்தாள்: வாய்மொழிச் சான்றுகள். முதல் நேர்காணல் எங்கே தொடங்கும் என்பதில் அவளுக்கு ஐயமில்லை.

இப்போது விமான நிலையமும் தீவை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டது. நிலத்தடி மெட்ரோவின் இறுதிப் பகுதி திறக்கப்பட்ட 2025 அக்டோபர் 8 அன்றே, பெருநிலத்தில், உல்வே அருகே, நவி மும்பை விமான நிலையமும் திறந்துவைக்கப்பட்டது. அங்கே இறங்கிக் காரில் கோட்டைக்கு வருவோர் 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவின் வழியே வரலாம். அதன் முழுத்தொலைவுக்கும் காருக்கு ஒருவழிச் சுங்கம் 250 ரூபாய். சுங்கமின்றிக் கடக்கச் செய்த மாகிம் சாலைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள். கழிகள் சுருங்கிவிட்டன, பாலங்கள் நீண்டுவிட்டன. சுங்கம் செலுத்தியும் செலுத்தாமலும் அவற்றைக் கடந்து இந்நகருக்கு உழைத்தவர்களின் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதவேண்டியவர்கள் காப்பகத்துக்கும் செல்லவேண்டும். கல்யாண் வண்டியிலும் ஏறவேண்டும்.