பழையதைத் திருப்பி வை, புதியது ஏறும்

ரூட் பண்ணிய, அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் திறந்துகொண்ட, போனில் சிஸ்டம் அப்டேட் ஏறாமல் நின்றால் எனக்கு அந்தப் போன்மேல் கோபம் வருவதில்லை, மரியாதைதான் வருகிறது. தனக்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டு, அரைகுறையாக ஏற்றி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வதைவிட ஏற்றாமலே இருக்கலாம் என்று அது நிற்கிறது. பழுது பார்க்கிறவன் அந்தச் சோதனையை ஏமாற்றப் பார்க்கக் கூடாது. அது எந்தப் பழைய நிலையைத் தேடுகிறதோ அந்த நிலையைக் கொண்டுபோய் அதன்முன் வைக்க வேண்டும். இத்தனை வருடம் இந்த மேசையில் உட்கார்ந்து நான் நம்புவது இது ஒன்றைத்தான்.

என் கடை ஆரணியில் இருக்கிறது. பட்டுக்குப் பெயர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையம் தாண்டி புதுவாயல் போகிற வழியில் உள்ள பேரூராட்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட் இரண்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் சுற்றுவட்டாரம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்களும் நிறைய. ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. சியோமி தன் முதல் இந்தியத் தயாரிப்பான ரெட்மி 2 பிரைமை 2015 ஆகஸ்டில் அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் செய்துதான் வெளியிட்டது. அப்போது முதல் இந்தப் பக்கத்துக் கைகளில் ரெட்மியும், பின்னால் வந்த அதன் போக்கோவும்தான் அதிகம். ரூட்டுக்கு முதல் படியாக, போனைத் துவக்கும் பூட்லோடரை அன்லாக் பண்ணுவதற்குச் சியோமி ஒரு வழி வைத்திருந்ததால், ரூட் பண்ணிய போன்களிலும் அவைதான் அதிகம்.

ஆனால் ரூட் பண்ணிய போனோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ரூட் பண்ணியவர்கள் இல்லை. வெளியில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பார்கள். முன்னால் வைத்திருந்தவர் எதற்கோ ரூட் பண்ணி, அப்படியே விற்றிருப்பார். வாங்கியவருக்கு அப்டேட் வருகிறது, இறங்குகிறது, ‘இன்ஸ்டால் ஆகவில்லை’ என்கிறது. மறுநாளும் அதே. போனை ஆஃப் செய்து ஆன் பண்ணினால் லோகோ வரும் திரையில் சின்னதாகத் திறந்த பூட்டுப் படம் தெரியும். “பையா, இது என்ன?” என்று என்னையே கேட்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிற ஆப் திறக்கவில்லை என்பதுதான் அவர்களுக்கு உண்மையான கவலை. வங்கி ஆப்புகள் பல ரூட்டைக் கண்டால் திறக்காது. சம்பளம் விழுகிற கணக்கு அந்த ஆப்புக்குள் இருக்கிறது.

ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்கிறேன். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் அப்டேட் கோப்பு கோப்பாக வருவதில்லை, சேமிப்பகத்தின் பிளாக் பிளாக்காக வருகிறது. அவ்வப்போது வருகிற சின்ன அப்டேட்டில் முழு சிஸ்டமும் இருக்காது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும், கிழிசலுக்கு அளவெடுத்து வெட்டிய ஒட்டுத்துணி மாதிரி வரும். கிழிசலின் அளவு ஒரு நூல் மாறியிருந்தாலும் அது பொருந்தாது. அதனால் போடுவதற்கு முன் பழைய பிளாக்குகளின் கைரேகை போன்ற ஹாஷைக் கணக்கிட்டுப் பார்க்கும். கணக்கு உதைத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிஸ்டம் பார்ட்டிஷனை எழுதும் நிலையில் ஒரே ஒரு தடவை மவுண்ட் பண்ணி, ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் வெளியே வந்தாலும் போதும்; எப்போது மவுண்ட் ஆனது என்கிற குறிப்பு பார்ட்டிஷனின் தலைப்பகுதியில் பதிந்துவிடும். அந்தச் சில பைட் மாற்றத்துக்கே அப்டேட் திரும்பிவிடும். எனக்கு இந்தத் துல்லியம் பிடிக்கும்.

பழைய ரூட் முறையில் சூப்பர்எஸ்யு போன்ற ரூட் கருவிகள் சிஸ்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தன. அப்படிப்பட்ட போனில் முழு சிஸ்டம் தொகுப்பான ரோமைத் திரும்பப் போடாமல் அப்டேட் ஏற்றவே முடியாது. 2015-இல் சூப்பர்எஸ்யு செய்த செயின்ஃபயரே சிஸ்டத்தைத் தொடாத வழியைக் காட்டினார். அடுத்த வருடம் தைவான்காரர் ஜான் வூ மேஜிஸ்க் என்கிற ரூட் கருவியைக் கொண்டுவந்தார். அது போனைத் துவக்கும் பூட் இமேஜை மட்டும் மாற்றும், மற்றதெல்லாம் அசலாகவே இருக்கும். என் தொழிலுக்கு அவர் செய்த உபகாரம் பெரிது: திருப்பி வைக்க வேண்டியது ஒரே ஒரு பார்ட்டிஷன் என்றாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 13-ஓடு வெளிவந்த போன்களில் மேஜிஸ்க் மாற்றும் பகுதி ‘இனிட்_பூட்’ என்று தனியாகப் போய்விட்டது. அது தெரியாமல் பூட் பார்ட்டிஷனில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

முறையாக ரூட் பண்ணியிருந்தால் மேஜிஸ்க் அசல் பூட் இமேஜின் நகலைப் போனுக்குள்ளேயே வைத்திருக்கும். ஆப்பைத் திறந்து, அன்இன்ஸ்டாலுக்குள் போய், ‘ரீஸ்டோர் இமேஜஸ்’ அழுத்தினால் பழையது திரும்பி வந்துவிடும். அப்போது போனை ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது. அப்படியே அப்டேட்டைப் போடலாம். இரண்டு ஸ்லாட் உள்ள ஏ/பி போன் என்றால் அது புதியதை மற்ற ஸ்லாட்டில் எழுதும். எழுதி முடித்து ‘ரீஸ்டார்ட்’ என்று ஒரு பொத்தானைக் காட்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவசரப்பட்டு அழுத்தினால் ரூட் போய்விடும். போன் ஒன்றும் கெடாது, ஆனால் மறுபடி கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டியிருக்கும். அழுத்தாமல் மேஜிஸ்க்குக்குத் திரும்பி வந்து, ‘இனாக்டிவ் ஸ்லாட்டில் இன்ஸ்டால்’ என்பதைக் கொடுத்த பிறகே ரீஸ்டார்ட். செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன்: “உங்களுக்கு ரூட் வேணுமா?” அநேகமாக எல்லோரும் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு அந்தப் பொத்தானைச் சந்தோஷமாக நானே அழுத்திவிடுவேன்.

நகல் இல்லாத போன்தான் சோதனை. அப்போது அதே மாடலின், அதே பதிப்பின் முழு ரோமை இறக்கி, அதற்குள்ளிருந்து பூட் இமேஜைப் பிரித்தெடுக்க வேண்டும். ‘அதே’ என்றால் எழுத்துக்கு எழுத்து அதே. சியோமியின் சிஸ்டமான எம்ஐயுஐயின் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் வரும். முதல் எழுத்து ஆண்ட்ராய்டைச் சொல்லும், 11-க்கு ஆர், 12-க்கு எஸ். நடுவில் ஐஎன் என்றிருந்தால் இந்தியப் பதிப்பு, எம்ஐ என்றிருந்தால் உலகப் பதிப்பு. அவசரக்காரர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். போன் ஓடுகிற நிலையில் வந்தால் நான் முதலில் ‘அபவுட் போன்’ பக்கத்தை என் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். பிறகுதான் கேபிளை எடுப்பேன். இந்த வேலைக்கு லேப்டாப்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. கேபிளைப் பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டுவேன். கம்ப்யூட்டரிலிருந்து எழுதும் ஃபாஸ்ட்பூட் நிலையில் சில ரெட்மி போன்கள் யுஎஸ்பி 3-இல் முரண்டு பிடிக்கும்.

கும்மிடிப்பூண்டியில் அப்ரண்டிஸாக இருக்கிற பையன் ஒருவன் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். ரூட்டை இழக்காமல் அப்டேட் போட்டிருக்கிறான், எல்லாம் சரியாகச் செய்திருக்கிறான். ஆனாலும் போன் லோகோ தாண்டி அனிமேஷனிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணா, வேற கடையில ஃப்ளாஷ் அடிக்கணும், எல்லாம் அழிஞ்சிடும்னு சொல்றாங்க.”

“உள்ள என்ன இருக்கு தம்பி?”

“பாட்டியோட வீடியோ. அவங்க இப்ப இல்லண்ணா.”

சவுண்டுக்காக மேஜிஸ்க்கில் ஏதாவது மாட்யூல் (கூடுதல் இணைப்பு) போட்டானா என்று கேட்டேன். போட்டிருந்தான். பழைய ஆண்ட்ராய்டுக்கு எழுதிய மாட்யூல், புதிய சிஸ்டத்தின் கோப்புகள்மேல் தன் பழைய கோப்புகளைப் போர்த்திக்கொண்டிருக்கிறது, அதனால் சுற்றுகிறது. கேபிளே தேவைப்படவில்லை. அனிமேஷன் வரும்போது வால்யூம் டவுன் பொத்தானை அழுத்திப் பிடித்து சேஃப் மோடில் ஏற்றினேன். சேஃப் மோடுக்குள் போனால் மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் தானே முடக்கிவிடும். சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தும் அவை முடங்கியபடியே இருக்கும். போன் திறந்தது. அவன் முதலில் கேலரிக்குள்தான் போனான்.

ஃபார்மேட் அடிப்பது சுலபம், அதற்குச் சில நிமிடம் போதும், காசும் வரும். அதை நான் பழுதுபார்ப்பு என்று ஒத்துக்கொள்வதில்லை. இப்போதைய போன்களில் டேட்டா முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. ஒருமுறை அழிந்தால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சியோமியின் ஃப்ளாஷ் கருவியில் கீழே வலது ஓரத்தில் மூன்று தெரிவுகள் இருக்கும்: எல்லாவற்றையும் அழி, யூசர் டேட்டாவைக் காப்பாற்று, எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு. கருவியைத் திறந்ததும் தேர்வாகி நிற்பது மூன்றாவது. பார்க்காமல் ‘ஃப்ளாஷ்’ அழுத்தினால் படங்கள் போகும், பூட்லோடரும் பூட்டிக்கொள்ளும். சீனாவுக்கென்று செய்த போனில் உலகப் பதிப்பைப் போட்டு இப்படிப் பூட்டிவிட்டால் அது திறக்கவே மாட்டேன் என்று நிற்கும். அந்த ஓரத்தைப் பார்க்காமல் மௌஸைத் தொடக் கூடாது என்று கடைக்கு வேலை கற்க வருகிற பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்வேன்.

‘பழைய வெர்ஷனுக்கு இறக்கிப் பார்க்கலாம்’ என்பது இன்னொரு ஆபத்தான யோசனை. பாதுகாப்புப் பேட்ச் தேதி பின்னால் போனால், டேட்டாவைத் திறக்கும் சாவியைத் தர போனின் பாதுகாப்புப் பகுதி மறுத்துவிடும். 2018-இல் சியோமி, பழையதற்கு இறக்குவதைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல்பேக்கைக் கொண்டுவந்தபோது ரெட்மி நோட் 5 ப்ரோவைப் பழைய ரோமுக்கு இறக்கியவர்கள் பலர் டெட் போனோடு நின்றார்கள். இறக்குவதற்கு முன் ஃபாஸ்ட்பூட்டில் ‘ஆன்ட்டி’ எண்ணைக் கேட்டுப் பார்த்தால் அந்த விபத்து நடக்காது.

சாம்சங்கின் கதை வேறு. அன்லாக் பண்ணி மாற்றிய இமேஜைப் போட்டால் நாக்ஸ் என்கிற பாதுகாப்பு ஃப்யூஸ் எரிந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. அந்த நிலையில் வழக்கமான அப்டேட்டும் வராது. சாம்சங்கின் ஓடின் கருவி வழியாக முழு ஃபர்ம்வேரைப் போட வேண்டியதுதான். அப்போது சிஎஸ்சி கோப்புக்குப் பதில் ஹோம் சிஎஸ்சி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் டேட்டா தப்பிக்கும்.

ரூட் பண்ணாத போனுக்கும் ஆபத்து உண்டு. 2021 தொடக்கத்தில் மி ஏ3-க்கு வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட், யாரும் கை வைக்காத போன்களையே டெட் ஆக்கியது. நிறுவனம் அதை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஆகவே ரூட் பண்ணியவர்களைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. தன் காசில் வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க ஆசைப்படுவது நல்ல புத்தி. அதே புத்தி மூடி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் கதவு கிடையாது. அது குற்றம், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை.

ரூட் பண்ணப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அசல் பூட் இமேஜைப் பதிப்பு எண்ணோடு பெயரிட்டுப் போனுக்கு வெளியே ஒரு பென்டிரைவில் வையுங்கள். பழுதுக்குக் கொண்டுவரும்போது ‘தானா ஆயிடுச்சு’ என்று சொல்லாமல், செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை, வேலை பாதியாகக் குறையும். போனை விற்கிறீர்கள் என்றால், அந்தப் போனுக்கு உரிய அசல் ரோமைப் போட்டு, ரூட்டை எடுத்து, பூட்லோடரைப் பூட்டி விற்றுவிடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், இது ரூட் பண்ணிய போன் என்று வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது விற்றுவிடுங்கள்.