பறக்கும் படகுகளின் துறைமுகம்

1934 நவம்பரில் சிகாகோவில் இருந்து வந்த ஒரு விமானம் நூவர்க்கில் இறங்கியது. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. தன் டிக்கெட்டில் நியூயார்க் என்று போட்டிருக்கிறது, இதுவோ நியூஜெர்சி என்று பிடிவாதம் பிடித்தார். அவர் நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லாகார்டியா. வேறு வழியில்லாமல் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு விமானம் மறுபடி கிளம்பி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஃபிளாய்ட் பென்னட் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது. அவ்வளவு பெரிய நகரத்துக்கு வரும் பயணிகள் பக்கத்து மாநிலத்தில் இறங்க வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்தது. அவர் பக்கம்தான் நியாயம் என்பேன்.

குவீன்ஸ் பகுதியின் வடகரையில், ஒரு காலத்தில் கேளிக்கைப் பூங்கா இருந்த இடத்தில், சின்னதாக ஒரு விமானத் தளம் இருந்தது. அதைத்தான் இன்று லாகார்டியாவின் பெயரைத் தாங்கும் பெரிய விமான நிலையமாக்கினார்கள். விரிவாக்க நிலம் போதவில்லை. எதிரே ரைக்கர்ஸ் தீவில் மலையாய்க் குவிந்து கிடந்த குப்பையையும் சாம்பலையும் அள்ளி வந்து கடலைத் தூர்த்தார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் இங்கே உழைத்தார்கள். செலவு சுமார் 4 கோடி டாலர். 1939 அக்டோபர் 15 அன்று திறப்பு விழா. கூட்டம் லட்சக்கணக்கில் திரண்டது. அதன் பிறகும், விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதற்கென்றே பத்து சென்ட் கொடுத்து மக்கள் மேல்தளத்துக்கு வந்தார்கள். டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் விமானத்தின் மீது எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது!

நான் பார்க்கப் போனது அதே வளாகத்தின் மேற்கு ஓரத்தில் தனியாக நிற்கும் கடல்விமான முனையத்தை. இப்போது அதற்கு 'ஏ' முனையம் என்று பெயர். பக்கத்தில் இருக்கும் ஜாக்சன் ஹைட்ஸில் நம் ஊர்ப் பலசரக்குக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன். இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை மீன்கள்தான். வட்டமான கட்டடத்தின் நெற்றியைச் சுற்றி, சுட்டமண்ணில் வார்த்த மஞ்சள் நிறப் பறக்கும் மீன்கள். உள்ளே மர பெஞ்சுகளின் பக்கவாட்டில் விமானத்தின் சுழலி வடிவத்தை உலோகத்தில் இழைத்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். மரமும் உலோகமும் சேரும் இடமே தெரியவில்லை.

எதற்குக் கடல்விமானம்? அன்று அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவு எரிபொருள் சுமந்த கனமான விமானம் இறங்க, நீளமான ஓடுபாதை பல ஊர்களில் கிடையாது. நீர்ப்பரப்போ எங்கும் உண்டு. அதனால் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்காக போயிங் 314 என்ற பறக்கும் படகைக் கட்டினார்கள். நான்கு என்ஜின்கள், 152 அடி இறக்கை. அந்த இறக்கைக்குள் ஒரு தவழ்பாதை இருந்தது. கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போதே பொறியாளர் அதற்குள் ஊர்ந்து போய் என்ஜினைச் சரிபார்ப்பார். வழிகாட்டும் அதிகாரி நட்சத்திரங்களை அளந்து விமானம் இருக்கும் இடத்தைக் கணிப்பார். இன்று நாம் படம் பார்த்துக்கொண்டே கடக்கும் அதே கடலை அவர்கள் இப்படித்தான் கடந்தார்கள் என்று எண்ணும்போது, எனக்கு அந்த மனிதர்கள் மீது அளவற்ற மரியாதை வருகிறது.

இந்த முனையம் 1940 மார்ச் 31 அன்று இயங்கத் தொடங்கியது. 'யாங்கி கிளிப்பர்' என்ற பறக்கும் படகு அன்று லிஸ்பனுக்குக் கிளம்பியது. பயணிகளுக்கான அட்லாண்டிக் சேவை முந்தைய ஆண்டு ஜூனிலேயே, லாங் தீவின் போர்ட் வாஷிங்டனில் இருந்து ஆரம்பித்திருந்தது. கட்டணம் ஒரு வழிக்கு 375 டாலர், போக வர 675. அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு புதிய காரே வாங்கலாம். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் சாப்பாடு, இரவில் படுக்கை என்று உள்ளே சொகுசுக்குக் குறைவில்லை. ஆனால் எரிபொருள் நிரப்ப அசோர்ஸ் தீவுகளில் ஹோர்ட்டாவில் இறங்கியாக வேண்டும். அங்கே அலை சற்று உயர்ந்துவிட்டால் கிளம்ப முடியாது. கோடீஸ்வரரானாலும் கடல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போர் மூண்டபின் லிஸ்பன் ஐரோப்பாவின் வாசலாயிற்று. நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே மாதக்கணக்கில் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக் கிடந்தார்கள். 1943 பிப்ரவரியில் அதே யாங்கி கிளிப்பர் லிஸ்பனில் இறங்கும்போது டேகஸ் ஆற்றில் மோதி நொறுங்கியது. 24 பேர் இறந்தார்கள்.

முனையத்தின் உட்சுவரைச் சுற்றி 237 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் ஓடுகிறது. ஜேம்ஸ் புரூக்ஸ் 1942-ல் முடித்தது. இக்காரஸ், லியனார்டோ எனத் தொடங்கி, மனிதன் பறக்கக் கற்ற கதையை வரைந்து பறக்கும் படகில் கொண்டுவந்து முடிக்கிறார். 1950-களில் இதன் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். கட்டடத்தை நேசித்த சிலர் விடாமல் முயன்று நிதி திரட்டி, 1980-ல் மீட்டெடுத்தார்கள். அந்த நாளைப் பார்க்க ஓவியரும் உயிரோடிருந்தார். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தபடி இரண்டு சுற்று வந்தேன். என்னைச் சுற்றிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை என்பது மனதை வருத்தியது.

பறக்கும் படகுகளுக்கு முடிவு கட்டியது போர்தான். போருக்காக உலகெங்கும் நீண்ட ஓடுபாதைகள் போடப்பட்டன. 1945 அக்டோபர் 24 அன்று இதே லாகார்டியாவில் இருந்து சக்கரம் வைத்த டிசி-4 ஒன்று, கேண்டர், ஷானன் வழியாக இங்கிலாந்துக்குப் பயணிகளோடு பறந்தது. 1948-ல் ஐடில்வைல்ட் (இன்றைய கென்னடி) திறந்ததும் பெரிய சர்வதேச விமானங்கள் அங்கே போய்விட்டன. இன்று லாகார்டியாவில் இருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் விமானம் ஒன்றுகூடக் கிடையாது.

கட்டியவை மொத்தம் 12 போயிங் 314கள். ஒன்றையாவது அருங்காட்சியகத்துக்கென்று காப்பாற்றியிருக்கலாம், செய்யவில்லை. அயர்லாந்தின் ஃபாய்ன்ஸில் இருப்பதும் அசல் அல்ல, மாதிரி உருவம்தான். ஆகவே நியூயார்க் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி இந்த முனையத்தைப் பாருங்கள். ஓவியம் இருக்கும் வட்டக் கூடத்துக்கு விமான டிக்கெட் தேவையில்லை.