சாளைச் செதில் ஒட்டிய பக்கம்

எங்கள் கடற்கரை மகளிர் குழுவே,

என் அம்மைக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். அதையும் உன் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் பழகினாள். அதனால் அவளுக்காக இதை நான் எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தில் 2020ஆம் வருடத்துப் பக்கம் ஒன்றில், அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாளைச் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. ஏலம் எடுத்த கையைக் கழுவாமல் ஓடிவந்து போட்ட கையெழுத்து அது.

குழுவே, உன்னிடம் வந்து சேருமுன் எங்கள் வீட்டுப் படியேறியவர் தண்டல்காரர். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். 100 நாள், தினம் 100 ரூபாய். ஓகிப் புயல் அடித்து ஊரே கரையில் நின்று அழுத 2017 டிசம்பரிலும் அவர் நாள் தவறவில்லை. உன் முதல் உள்கடனில் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம், அம்மை வாசல் கதவைத் திறந்தே போட்டுவிட்டு உறங்கினாள்.

குழுவே, 2020 மார்ச் 24 மாலை ஆறு மணியை நீ மறந்திருக்க மாட்டாய். கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு போட்டார்கள். அன்றைய மீனில் பாதி சருவத்திலேயே கிடந்தது. மறுநாள் ஏலம் இல்லை, பஸ் இல்லை. தக்கலைப் பக்கத்து வாடிக்கை வீடுகள் கதவடைத்துவிட்டன. மீன்காரிக்கு முதல் என்பது மடியில் இருக்கும் ரொக்கம்தான். பத்து நாள் உலை வைத்தால் அது கரைந்துபோகும். வங்கித் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னபோது, தள்ளிவைத்தாலும் வட்டி ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் நீ. சந்தாவை நிறுத்திவைத்தாய். இருந்த சேமிப்பைப் பிரித்து, கரை திறந்ததும் ஏலத்தில் நிற்க அம்மைக்கு 5,000 கொடுத்தாய். அடகு கேட்கவில்லை. ஜாமீன் கேட்கவில்லை.

குழுவே, அமெரிக்காவில் அதே வருடம் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில், தொழில் நடத்திவந்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கை 41 விழுக்காடு சரிந்ததாகப் படித்தேன். அரசு கொடுத்த உதவிக் கடன் வங்கி வழியாகப் போனது; வங்கியில் முன்பழக்கம் இல்லாதவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். படித்ததும் உன் நினைவுதான் வந்தது. எங்கள் ஊர் வங்கி மேனேஜருக்கு அம்மையைத் தெரியாது, உன்னைத் தெரியும். உன் பெயரைச் சொல்லித்தான் அவள் அந்தப் படியேறினாள்.

குழுவே, இதற்கும் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் நாற்றம் என்று ஒரு வயதான அம்மாவைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார். பெண்களுக்கு இலவசப் பயணம் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வாரம் அம்மை பஸ் ஏறக் கூசினாள். நாலைந்து மைல் நடந்தே போய் விற்றுவிட்டு வந்தாள். நீ ஒரு நாள் விடியற்காலையில் மூன்று பேரை அவளோடு சேர்த்து அனுப்பினாய். நாலு சருவம், ஒரே பஸ்.

குழுவே, அடுத்த வீட்டு மருமகள் கருவாடு போட்டு விற்க ஆசைப்படுகிறாள். கையில் முதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னோடு வா மக்களே என்று அம்மை சொல்லிவைத்திருக்கிறாள். வருவார்கள். பாயில் இன்னொருத்திக்கு இடம் விட்டு வை.

உன் உறுப்பினரின் மகள்